இரண்டு பேர், ஒரு பெட்டி

எக்ஸ்பெரிமென்டல் எலெக்ட்ரானிக் டூயோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருப்பார். சம்பளம் க்ரெடிட் ஆகிவிட்டதா என்று பார்க்கிறாரோ என்று தோன்றும். மற்றவர் ஒரு பெட்டியின் குமிழைக் கால் இஞ்ச் திருகிவிட்டு, பூமியையே திருப்பிவிட்ட களைப்பில் கண்ணை மூடிக்கொள்வார். புது ஆல்பத்தில் எட்டு டிராக் இருக்கும். எட்டும் ஒரே டிராக்தானோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வெளியே கேட்டுவிடாதீர்கள், மானம் போய்விடும்.

புனேயில் இப்படிப்பட்ட இரட்டையருக்குப் பஞ்சமே கிடையாது. காலேஜ், ஐ.டி. கம்பெனி, கஃபே மூன்றும் முட்டிக்கொள்ளும் ஊரில் வேறென்ன விளையும்? கோரேகாவ் பார்க் பக்கம் ஒரு கல்லெறிந்தால் சின்தசைசர் வைத்திருக்கும் ஒருவர் மேல் விழும். அவரும் கோபப்பட மாட்டார், அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் செய்துகொள்வார். இதிலெல்லாம் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆல்பத்தோடு வரும் அந்த விளக்கக் குறிப்பு இருக்கிறதே, "இதுவரை யாரும் செய்யாத முயற்சி" என்று, அதில்தான் தகராறு.

ஏன் தகராறு என்றால், அந்தப் பக்கத்தில் 1910 வாக்கிலேயே இரண்டு பேர் இதைச் செய்துவிட்டார்கள். அவர்களிடம் இல்லாதது கரண்ட் ஒன்றுதான்.

முதலாமவர் கிருஷ்ணாஜி பல்லாள் தேவல். சாங்லிக்காரர், ரிட்டயர்டு டெபுடி கலெக்டர். ரிட்டயர் ஆன டெபுடி கலெக்டர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? காலையில் வாக்கிங் போவார்கள், பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள், தெருவில் விளையாடும் பையன்களை விரட்டுவார்கள். தேவலோ ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, ஸ்கேலை வைத்து, ராகத்தை அளக்க ஆரம்பித்தார்!

அளக்கவேண்டிய காரணம் இருந்தது. ஒரு ஸ்தாயிக்குள் 22 ஸ்ருதி என்று பரதர் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். பிரான்சிலிருந்து வந்து, கல்கத்தாவில் தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கற்றுக்கொண்ட ஆர்மோனியத்திலோ 12 கட்டைதான். மீதிப் பத்து எங்கே? நாமாக இருந்தால் 'சரி, போகட்டும்' என்று காபி குடிக்கப் போயிருப்போம். வாழ்நாளெல்லாம் ரெவின்யூ இலாகாவில் இருந்தவருக்கு அப்படி விட மனசு வருமா? பட்டாவில் 22 இருக்கிறது, நிலத்தில் 12தான் இருக்கிறது. ஆக, பத்தை எவனோ ஆக்கிரமித்துவிட்டான்.

ஆக்கிரமிப்பு வழக்குக்கு ஒரு ஜட்ஜ் வேண்டுமே. அவரும் கிடைத்தார்: எர்னஸ்ட் கிளெமென்ட்ஸ், ஐ.சி.எஸ்., மாவட்ட நீதிபதி. வெள்ளைக்கார துரைகள் அந்தக் காலத்தில் புலி சுட்டார்கள், கிளப்பில் சீட்டாடினார்கள். இவர் மட்டும் காந்தாரத்துக்கு எத்தனை அதிர்வு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேலதிகாரிகள் கவலைப்பட்டார்களா என்று தெரியவில்லை. புலிகள் நிச்சயம் சந்தோஷப்பட்டிருக்கும்.

டெபுடி கலெக்டர் சர்வே எடுப்பார், ஜட்ஜ் தீர்ப்பு சொல்வார். சாட்சி? அப்துல் கரீம் கான். கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் பிதாமகர், குரலிலேயே தம்புராவை ஒளித்து வைத்திருந்த மகா கலைஞர். அவர் பாடிக்காட்ட, தேவல் கம்பியில் அளந்தார். கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் உருகி உருகி ரிஷபத்தில் நிற்கிறார், எதிரே ஒருவர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு 'கொஞ்சம் அசையாமல் இருங்கள்' என்கிறார். நம் சங்கீதத்தில் அசையாத ரிஷபம் ஏது ஐயா? ஒரு ராகத்தில் ஓரிடம், இன்னொரு ராகத்தில் இன்னோரிடம். ஏறும்போது ஓரிடம், இறங்கும்போது வேறிடம். எல்லைக் கல்லை நட்டுவிட்டுத் திரும்பினால் நிலமே நகர்ந்து போயிருக்கும்.

ஆனால் அதிகாரிகள் சளைக்கவில்லை. 1910இல் 22 ஸ்ருதிகளைப் பற்றிய தேவலின் ஆங்கிலப் புத்தகம் புனே ஆர்யபூஷண் அச்சகத்தில் அச்சாகி வெளியானது. மேலே சொன்ன விளக்கக் குறிப்பின் கொள்ளுத் தாத்தா அது. அடுத்து, 22 ஸ்ருதியும் வாசிக்கக்கூடிய விசேஷ ஆர்மோனியம் ஒன்று லண்டனில் தயாரானது. மூர் என்ற வாத்தியத் தயாரிப்பாளர் செய்து கொடுத்தார். 'பில்ஹார்மோனிக் சொசைட்டி ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்று ஒரு சங்கம் வேறு. வாத்தியம் ரெடி, சங்கம் ரெடி, புத்தகம் ரெடி. அதை வாசிக்கத்தான் ஆள் வேண்டும்.

1916இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு. ஸ்ருதி சண்டைக்கு அதைவிட நல்ல மேடை ஏது? எதிர்த்தரப்பில் நின்றவர் வி.என். பாத்கண்டே, இந்துஸ்தானி இசைக்கு இலக்கணம் எழுதியவர். அவர் படித்தது என்ன தெரியுமா? சட்டம். டெபுடி கலெக்டர், ஜட்ஜ், வக்கீல் மூவரும் கூடி சங்கீதம் பேசினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: தீர்ப்பே வரவில்லை. இருபத்திரண்டு எங்கெங்கே இருக்கின்றன என்று இன்றைக்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கவனியுங்கள், இந்த இருவரும் புதுமை செய்ய வந்தவர்களே இல்லை. பழைய சங்கீதத்தை அன்னிய வாத்தியத்திடமிருந்து காப்பாற்றத்தான் புறப்பட்டார்கள். காப்பாற்றப் போன இடத்தில், ஒரு புதுக் கருவியைச் செய்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கு மைக்ரோடோனல் கீபோர்டு என்ற பெயரில் அதே மாதிரிச் சமாசாரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் பையன்கள். நம் கதை முழுக்க இந்தக் கூத்துதான்: எதையோ காப்பாற்றப் போனவர்கள் எதையோ கண்டுபிடிப்பார்கள்; கண்டுபிடிக்கவென்றே கிளம்பியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சாட்சியாக வந்த கான் சாகேபை இப்படியே விட்டுவிட முடியாது. அவரே ஒரு எக்ஸ்பெரிமென்டல் டூயோ நடத்தியவர். திப்பு மியான் என்று ஒரு சகா, கான் சாகேபின் பயிற்சியில் ஸ்வரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு மேடையே ஏறியவர் என்று அந்த வட்டாரத்தில் கதை உண்டு. திப்பு மியான் ஒரு நாய். கிராமபோன் கம்பெனி லேபிளில் இருந்த நாய் காலமெல்லாம் குழாய் முன்னால் உட்கார்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருந்தது. இது பதில் சொன்னது.

இதைக் கேட்டுச் சிரிக்கும் தமிழர்களுக்கு ஒரு தகவல். கான் சாகேப் நம்மூர்ப் பக்கமும் அடிக்கடி வந்தவர், தியாகராஜர் கிருதியைக் கற்றுக்கொண்டு இசைத்தட்டில் பாடியவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்பு முடியாமல் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கினார். பிளாட்பாரத்தில் தர்பாரி பாடியபடியே உயிர் பிரிந்தது என்கிறார்கள். கிரானா கரானாவின் சக்கரவர்த்தி விடைபெற்ற அதே பிளாட்பாரத்தில் இன்று தாம்பரம் லோக்கலுக்கு முண்டியடிக்கிறோம். 22 ஸ்ருதி இருக்கட்டும், அங்கே ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் போதும்.

தேவலும் கிளெமென்ட்ஸும் 12 கட்டையோடு தகராறு செய்ததாவது அறிவுபூர்வமான தகராறு. அடுத்து வந்தவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்துவிட்டது. தாகூருக்குப் பிடிக்காது, நேருவுக்குப் பிடிக்காது, வானொலி துரைகளுக்கும் பிடிக்காது. 1971 வரை, முப்பத்தொரு வருஷம், அந்தப் பெட்டி ஸ்டூடியோ படி ஏற முடியவில்லை. ஆனால் வெளியே? பஜனையில், ஸ்பெஷல் நாடகத்தில், கவ்வாலியில், குருத்வாராவில் எல்லாம் அதேதான். நாடே ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தபோது, நாட்டின் வானொலிக்கு மட்டும் அது கேட்கவில்லை.

புனேயிலேயே ஒரு ஜோடி இருந்தது. 1937. பிரபாத் ஃபிலிம் கம்பெனி, இன்று ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருக்கும் அதே வளாகம். டைரக்டர் வி. சாந்தாராம், இசையமைப்பாளர் கேசவராவ் போளே. படம் 'குங்கூ', இந்தியில் 'துனியா நா மானே'. கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண், அவரைப் புருஷனாக ஏற்க மாட்டேன் என்று நிற்கிற கதை. இசையமைப்பாளரைக் கூப்பிட்டு வந்த சாந்தாராம் என்ன செய்தார் தெரியுமா? படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது என்றார்.

வீட்டுச் சத்தங்கள்தான் பின்னணி. சுவர்க் கடிகாரம் ஒன்று படம் முழுக்க டிக்டிக் என்று கிழவரின் வயசைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயலின் கோஷ்டி ஒன்று அழுது தீர்த்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடிகாரம். சம்பளமும் மிச்சம், ஓவர்டைமும் கேட்காது.

பதினொரு வருஷம் கழித்து, 1948இல், பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களை ரெக்கார்ட் செய்து கோத்து ஒலிபரப்பினார். உலகம் அதிர்ந்தது, எலெக்ட்ரானிக் இசை வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். அவர் பியர் ஆன்றி என்பவரோடு ஜோடி சேர்ந்து 'ஒற்றை மனிதனுக்கான சிம்பொனி' என்று ஒன்று செய்தார். ஒற்றை மனிதனைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், பாருங்கள். பிரபாத்காரர்கள் இதெல்லாம் தெரியாமல் அடுத்த படத்துக்கு செட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தின் கதாநாயகி சாந்தா ஆப்தே பெயரை மறக்காதீர்கள். 1939இல் இதே பிரபாத் கம்பெனியோடு மனஸ்தாபம் வந்தபோது, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர். காந்தி வெள்ளைக்காரனுக்கு எதிராகச் செய்ததை, சாந்தா ஆப்தே முதலாளிக்கு எதிராகச் செய்தார். அப்புறம் தமிழ் கற்றுக்கொண்டு இங்கே வந்து 1941இல் 'சாவித்திரி'யாக நடித்தார். அதில் நாரதர், எம்.எஸ். சுப்புலட்சுமி. எமனிடமே வாதாடும் வேஷம். கம்பெனி கேட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவருக்கு அது ஒரு சிரமமா?

சரி, நிஜமாகவே கரண்டில் ஓடும் முதல் இரட்டையருக்கு வருவோம். இவர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன், இவர்கள் இசைக்கு நீங்களே எங்காவது ஆடியிருப்பீர்கள்.

1954. பம்பாய். படம் 'நாகின்'. பாம்பாட்டிக் கதை. கதாநாயகி, நம்ம திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா. மகுடி ஊத வேண்டும். அசல் மகுடிக்காரரைக் கூட்டிவந்து ஸ்டூடியோவில் உட்கார வைத்தால், அவர் தன் ஸ்ருதியில் ஊதுவார். கூடையில் இருப்பவர் வேறு மைக்கைப் பார்ப்பார். இசையமைப்பாளர் ஹேமந்த் குமாரிடம் இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள். கல்யாண்ஜி என்பவரிடம் கிளாவியோலின் என்றொரு பிரெஞ்சு மின்சாரக் கீபோர்டு. ரவி என்பவரிடம், வானொலி விரட்டியடித்த ஆர்மோனியம். இரண்டையும் சேர்த்து வாசித்தார்கள். மகுடி வந்துவிட்டது!

அந்தச் சத்தம் நாட்டை ஆட்டிவைத்த கதை உலகறிந்தது. தியேட்டருக்குள் நிஜப் பாம்புகள் வந்துவிடுகின்றன என்று ஊருக்கு ஊர் வதந்தி. பாம்புக்கு வெளிக்காதே கிடையாது. அது மகுடியின் அசைவைப் பார்த்துத் தலையாட்டுகிற பிராணி. கிளாவியோலினுக்கோ அசைவும் கிடையாது. ஆக, நாகின் இசையைக் கேட்டு மயங்காத ஒரே ஜீவன் நாகம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அநியாயம். அசல் பாம்பாட்டிகள் அந்த சினிமா மெட்டைத் தங்கள் மகுடியில் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆயிரம் வருஷத்து மகுடி, ஏழு வருஷத்துக்கு முன்னால் வெர்சாய் பக்கம் கண்டுபிடித்த மெஷினைப் பார்த்துக் காப்பியடித்தது. வட இந்தியக் கல்யாண ஊர்வலத்தில் கர்ச்சீப்பை வாயில் கவ்விக்கொண்டு மாப்பிள்ளையின் சித்தப்பா தரையில் புரளுகிறாரே, அவர் அறியாமல் அனுபவிப்பது எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். இந்தியாவில் அந்த வகைக்கு முதல் ரசிகர் மன்றம், சித்தப்பாக்கள்.

மேற்கே இதே கிளாவியோலின் 'டெல்ஸ்டார்' என்ற, சாட்டிலைட் பெயர் கொண்ட பாட்டில் விண்வெளியைக் காட்டியதற்காகப் புகழப்படுகிறது. அது 1962. அவர்கள் சாட்டிலைட்டுக்கு வாசித்தார்கள், நாம் எட்டு வருஷம் முன்பே புற்றுக்கு வாசித்துவிட்டோம். கல்யாண்ஜியும் ரவியும் இதைப் பற்றி ஒரு விளக்கக் குறிப்பும் எழுதவில்லை. அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் வாங்கப் போய்விட்டார்கள்.

இப்போது, எக்ஸ்பெரிமென்ட் என்று தெரிந்தே செய்தவர்களைப் பார்ப்போம். அகமதாபாத், தேசிய வடிவமைப்புக் கழகம். அதன் பின்னால் சாராபாய் குடும்பம். பஞ்சாலைச் செல்வம், விண்வெளி விஞ்ஞானம், நடனம், கட்டடக் கலை எல்லாம் ஒரே வீட்டில் வளர்ந்த குடும்பம். விக்ரம் ராக்கெட் விட்டார். தங்கை கீதா பக்வாஜ் வாசித்தார். 1946இல் நியூயார்க் போன கீதா, ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளரோடு ஒரு பண்டமாற்று செய்துகொண்டார்: அவர் மேல்நாட்டு இசை சொல்லித் தருவார், இவர் இந்திய இசை சொல்லித் தருவார். ஃபீஸ் கிடையாது.

நம் சங்கீதத்தின் நோக்கம் மனசை அடக்கி அமைதியாக்குவது என்று கீதா சொல்லிக்கொடுத்தார். நல்ல மாணவர் அல்லவா, கேஜ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1952இல் ஒரு பியானோ கச்சேரி: 4 நிமிஷம் 33 விநாடி, ஒரு கட்டையையும் தொடாமல். குரு சொன்னதை இவ்வளவு அட்சர சுத்தமாக எந்தச் சிஷ்யனும் பின்பற்றியதில்லை.

அன்று பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்காமல் எழுந்து போனவர் டேவிட் டியூடர். 1969இல் அகமதாபாத்தில் மூக் சின்தசைசரை நிறுவ அமெரிக்காவிலிருந்து யார் வந்தார்கள்? அதே டியூடர். வாசிக்காமல் புகழ்பெற்ற ஒரு மனிதரை வாத்தியம் சொல்லிக்கொடுக்க அழைத்த பெருமை நமக்கு மட்டுமே உண்டு.

மூக் என்பது சும்மா பட்டனைத் தட்டினால் பாடுகிற சாமான் இல்லை. அலமாரி சைஸ். ஒரு பெட்டியில் ஒலி பிறக்கும், இன்னொன்றில் வடிகட்டப்படும், மூன்றாவதில் ஏறி இறங்கும். நடுவில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயர்கள். அரை நாள் மாட்டி ஒரு சத்தம் கிடைக்கும். ஒயரைக் கழற்றினால் அந்தச் சத்தம் போயே போச்சு, சேமித்து வைக்க வழியில்லை. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, இளைஞர் ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஒரு கூட்டமே அதோடு மல்லுக்கட்டியது. ஜோஷிபுரா 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று ஒரு விண்வெளிப் பயணத்தை வாசித்தார். வெளியே அகமதாபாத்தில் ஒட்டக வண்டி போய்க்கொண்டிருந்தது.

1972 வாக்கில் எல்லாம் ஓய்ந்தது. டேப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. பால் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் வந்து தூசி தட்டி எடுத்து, தேர்ந்தெடுத்த பதிவுகள் 2023இல் ஆல்பமாக வெளிவந்தன. 'ஸ்பேஸ் லைனர் 2001' ரசிகர்களைப் போய்ச் சேர, 2001ஐயும் தாண்டி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. லேட்டாக வருவதில் நம் விண்கலமும் நம் ரயில் மாதிரிதான்.

எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். சரண்ஜித் சிங். பம்பாய் ஸ்டூடியோக்களில் ஆர்.டி. பர்மன் முதலானோருக்கு கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். மிச்ச நேரத்தில் கல்யாணக் கச்சேரி. சிங்கப்பூர் போனபோது ரோலண்ட் கம்பெனியின் புதுப் பெட்டிகளை வாங்கிவந்தார். அதில் ஒன்று டி.பி.-303. தனியாக கிடார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்கச் செய்தது. செய்ய வேண்டிய காரியத்தை அது ஒழுங்காகச் செய்யவில்லை. பேஸ் கிடார் மாதிரியே அது ஒலிக்கவில்லை. ப்ரோக்ராம் செய்வதற்குள் பேஸ் வாசிக்கவே கற்றுக்கொண்டுவிடலாம். 1984இல் கம்பெனியே கையைக் கழுவியது.

சரண்ஜித்துக்கு மட்டும் அது பிடித்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது ஒரு சாதாரண வசதி. நம்மாளுக்கு அது கமகம். 1982. 'டிஸ்கோ டான்ஸர்' ஆண்டு. ஊரெல்லாம் டிஸ்கோ. தபலாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டிரம் மெஷினை ஓடவிட்டு, பத்து ராகங்களை வாசித்தார்: பைரவ், பூபாளி, யமன், கலாவதி, மால்கௌன்ஸ்... நம்ம கணக்கில் மாயாமாளவகௌளை, மோகனம், கல்யாணி, வலஜி, ஹிந்தோளம். ஆல்பம் பெயரே 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. ரகசியம் எதுவும் இல்லை, லேபிளிலேயே எழுதி ஒட்டிவிட்டார்.

யாரும் வாங்கவில்லை. ராக ரசிகர்களுக்கு டிஸ்கோ ஆகவில்லை, டிஸ்கோ ரசிகர்களுக்கு ராகம் ஆகவில்லை. சரண்ஜித் வருத்தப்பட நேரமில்லை, கல்யாண சீசன் வந்துவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து 1987இல் சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற கோஷ்டி அதே டி.பி.-303ஐக் கன்னாபின்னாவென்று திருகி ஒரு ரெக்கார்ட் போட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசை பிறந்தது, ஐரோப்பிய இளைஞர்கள் பைத்தியம் பிடித்து ஆடினார்கள். 2002இல் டெல்லியில் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் கையில் அந்தப் பழைய எல்.பி. தட்டுப்பட்டது. போட்டுக் கேட்டார், தலை சுற்றியது. 1987இல் பிறந்த குழந்தை 1982இல் தவழ்கிறதே! 2010இல் மறுவெளியீடு செய்தார். இது நிஜமாக இருக்கவே முடியாது, ஏஃபெக்ஸ் ட்வின் என்ற எலெக்ட்ரானிக் இசைக்காரர் மாதிரி யாரோ ஒரு குறும்புக்காரன் செய்த மோசடி என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு சர்தார்ஜி நிஜமாகவே பம்பாயில் உட்கார்ந்து வாசித்தார் என்பதைவிட, வெள்ளைக்காரன் இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னான் என்பது நம்பச் சுலபமாக இருந்தது.

எழுபது வயதைத் தாண்டியபின் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். பேரன் வயசுப் பையன்கள் யமனுக்குக் குதித்தார்கள். 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே' என்று புகழ்ந்தார்கள். அவரோ டிஸ்கோ வாசித்ததாகத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். 2015இல் காலமானார். கொலம்பஸும் இந்தியாவுக்கு வந்ததாக நினைத்துக்கொண்டேதான் செத்தார், என்ன குறைந்துபோயிற்று?

இனி புனேக்குத் திரும்புவோம். டிசம்பர் மாதம். அப்துல் கரீம் கானின் சிஷ்யர் சவாய் கந்தர்வா. அவருடைய சிஷ்யர் பீம்சேன் ஜோஷி, குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய இசை விழா. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் என்ன? 12 கட்டை ஆர்மோனியம். கான் சாகேபையே சாட்சிக்கூண்டில் ஏற்றி யாரைக் குற்றவாளி என்று நிரூபிக்கப் பார்த்தார்களோ, அவரே அதே பரம்பரையின் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதே டிசம்பரில், 2016இல், கோவாவிலிருந்து சன்பர்ன் திருவிழா புனே அருகே கேஸ்னந்துக்குக் குடிவந்தது. இ.டி.எம்., லேசர், பேஸ், எல்லாம். ஒரு பக்கம் மார்வா ராகம், மறுபக்கம் மார்பையே அதிர வைக்கும் ஸ்பீக்கர். இரண்டு கோஷ்டியும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆனால் 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இருக்கின்றனவே, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று, அதற்கு மால்கௌன்ஸும் ஒன்றுதான், டெக்னோவும் ஒன்றுதான். ஒரு காலத்தில் விடிய விடிய நடந்த சவாய் கந்தர்வாவே கடிகாரம் பார்க்க வேண்டியதாயிற்று. இந்துஸ்தானியையும் எலெக்ட்ரானிக்கையும் துளியும் பேதம் பாராட்டாமல் சமமாக ரசித்த ஒரே மனிதர் அந்த ஏரியா இன்ஸ்பெக்டர்.

சென்னைக்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். மார்கழி சபாவில் மூன்றாவது வரிசை மாமா பக்கத்து சீட்டிடம், "இந்த எலெக்ட்ரானிக் சாமானெல்லாம் வந்து சங்கீதத்தையே கெடுத்துடுத்து சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேடையில் வித்வானுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெங்களூரில் என்ஜினீயரும் புல்லாங்குழல் கலைஞருமான ராஜ் நாராயண் 1970களில் உருவாக்கிய எலெக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டியின் சந்ததி அது. ரெண்டரை மணி நேரம், ஒரே சத்தம், மாற்றமே இல்லாமல். பெர்லினில் இதை வாசித்தால் ட்ரோன் மியூசிக் என்று டிக்கெட் போட்டிருப்பார்கள். மாமா அதற்குத் தகுந்தபடி தொடையைத் தட்டிக்கொண்டு, எலெக்ட்ரானிக்கை எதிர்ப்பார்.

ஆக, புனே இரட்டையரே, உங்கள் புது ஆல்பத்துக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். சரித்திரத்திலிருந்து ஓரிரு யோசனைகள் மட்டும். புதுமை என்று லேபிளில் போடாதீர்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று போடுங்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விற்கவில்லையே என்று மனம் தளராதீர்கள். ஒரு பிரதியைப் பழைய சாமான் கடையில் பத்திரமாகப் போட்டு வையுங்கள். இருபது வருஷம் கழித்து ஒரு டச்சுக்காரர் வருவார், உங்களை மேதை என்பார், நீங்கள் நிஜமாகவே இருந்தீர்களா என்றும் கேட்பார்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, வாடகை கட்டணும் என்கிறீர்களா? அப்படியானால் ஒரே வழிதான். எட்டு டிராக்கில் ஒன்றை மகுடியாக்கிவிடுங்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கர்ச்சீப்போடு தயாராக இருக்கிறார்.